மூன்று பிரெஞ்சுக்காரிகளும் நானும்

ஜூன் 23, திங்கள்

சினிமாக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். கடற்கரைக்குப் பக்கத்து வீதியில் இருக்கிற மஞ்சள் வீட்டை ஒரு மாதத்துக்குப் பிடித்திருக்கிறார்கள். மஞ்சள் போதவில்லை என்று அதன்மேல் இன்னும் மஞ்சள் அடிக்கிறார்கள். புதுச்சேரி என்றால் மஞ்சள்தான் என்று சென்னையில் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

படத்தில் மூன்று பழைய பிரெஞ்சுக் கதைகள், நூறு வருஷத்துச் சரக்கு. மூன்றிலும் ஒரு பெண் காதலித்துவிட்டு அவஸ்தைப்படுகிறாள், தொடர்பு அவ்வளவுதான். அவற்றை இந்த ஊரில் நடப்பதுபோல மாற்றித் தமிழில் எடுக்கிறார் மதிவதனி. டைரக்டர் என்றால் தொப்பியும் தொப்பையுமாக யாராவது வருவார்கள் என்று பார்த்தால், என் டியூஷன் பிள்ளைகளுக்கு அக்கா மாதிரி இருக்கிறார். மூன்று பெண்களாகவும் நடிப்பது ஒரே நடிகை, ஷாலிகா. மூலத்தில் என்ன இருக்கிறது என்று டைரக்டருக்குச் சொல்வதும், நடுவில் வரும் பிரெஞ்சு வசனங்களை ஷாலிகாவின் வாயில் நுழைப்பதும் என் வேலை.

வீட்டுக்கு வந்ததும் பப்பா கேட்டார். "நாம யாருன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"பிரெஞ்சு டீச்சர்னு சொன்னேன் பப்பா. அதுதானே நான்?"

"சொல்லாததே நல்லது" என்று ரொட்டியைக் குழம்பில் தோய்த்தார்.

ஜூன் 24

இன்று முதல் கதை. தபால் அதிகாரியின் மனைவி தினமும் ஜன்னல் வழியாக ஒருவனைப் பார்த்துப் பார்த்து உருகுகிறாள். அவன் ஒருநாள் கதவைத் தட்டும்போது, "வீட்டில் யாரும் இல்லை" என்று உள்ளிருந்தே சொல்லிவிடுகிறாள். நல்ல பைத்தியம்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் சவுண்ட்காரர் கையைத் தூக்குகிறார். எல்லோரும் நின்ற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். ஆள் பேசாத அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்கிறார்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டுமாம். வெறும் அறைக்கு என்ன சத்தம் என்று கேட்டேன்.

"ஆள் இல்லாத வீடு ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது டீச்சர்" என்றார். பெயர் தணிகாசலம். எல்லோருக்கும் தணிகா சார். நாற்பது வயது இருக்கும், தாடியில் அங்கங்கே வெள்ளை.

முதல் தடவை அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "யாரோ கால் ஆட்டறாங்க" என்றார். எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். நான்தான். இரண்டாம் தடவைக்கு முன்னால் என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார். "இதைப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. கைக்கு வேலை இருந்தா கால் சும்மா இருக்கும்."

இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஜூன் 26

இன்றும் பழம். ரஸ்தாளி.

ஜூன் 28

முதல் கதை முடிந்தது. காக்கைகளால்தான் தாமதம். ஷாலிகா கண்ணில் நீர் கட்டும்போதெல்லாம் ஒரு காக்கை கத்துகிறது. தணிகா சார் கோபப்படவே இல்லை. அவர் வீடு அரக்கோணத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலாம். ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வது குடும்பத்தில் எல்லோருக்கும் பழக்கமாம். "சவுண்ட் என்ஜினியர் வீடு கட்ட வேற இடமே கெடைக்கலியா?" என்று கேட்டேன். "வேலை நேரம் முழுக்க அமைதி வேணும் அமைதி வேணும்னு அலையறேன். வீட்லயும் அமைதின்னா பைத்தியம் புடிச்சுடும்" என்றார்.

கல்யாணம் ஆகவில்லையாம். நான் கேட்கவில்லை, ஷாலிகா சொன்னாள்.

ஜூலை 1

காலையில் கேஸ் வரவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மூட்டி மூட்டி மூக்கெல்லாம் கரி. பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய நாள் அணிவகுப்புக்குப் பப்பாவின் மெடல்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, இருந்தாலும் அவருக்குப் பொறுக்கவில்லை.

சினிமாக்காரர்கள் யாருக்கும் சொல்லாததை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை விட்டுப் போனபோது, எனக்கு அவர்கள் குடியுரிமையே போதும் என்று தாத்தா எழுதிக்கொடுத்துவிட்டார். பப்பா அவர்கள் பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஊரில் எங்களைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்பார்கள். அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளைக்கும் பிரான்ஸ் போக வழி கிடைக்கும். அதனால் எங்களுக்கு மாப்பிள்ளை தேட வேண்டியதில்லை, தானாக வரிசையில் நிற்பார்கள். மூக்கு எப்படி, நிறம் எப்படி என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

ரொபேர் என் மூக்கைப் புகழ்ந்தான். அதனால் நம்பிக் கட்டிக்கொண்டேன். பிரான்சில் லியோனுக்குப் போய், அவன் பேரில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வந்த மாதமே, "நமக்குள்ள ஒத்து வரலை ஜெர்மேன்" என்றான். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னொரு தடவை என் பாஸ்போர்ட்டுக்கு யாராவது தாலி கட்ட, அதற்கு நான் கழுத்தை நீட்டப் போவதில்லை.

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமும் சரியில்லை. வெயில்.

ஜூலை 3

இரண்டாம் கதை. ஒரு விதவை இறந்த கணவனுக்குத் தினமும் ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். தோட்டக்காரன் அதை ரகசியமாகச் சாப்பிட்டுவிடுகிறான். காலியான தட்டைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆசை வருகிறது. அது கணவன்மேலா தோட்டக்காரன்மேலா என்று அவளுக்கே தெரியாது. இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

சமையல்காரக் கிழவி சுவருக்குப் பின்னாலிருந்து பிரெஞ்சில் நாலு வரி திட்ட வேண்டும். ஆள் கிடைக்காததால் என்னையே திட்டச் சொன்னார்கள். தணிகா சார் என் புடவைத் தலைப்பில் ஒரு குட்டி மைக்கைக் குத்திவிட்டார். குத்தும்போது என் முகத்தைப் பார்க்காமல் மைக்கை மட்டும் பார்த்தார். ஜாக்கிரதைக்காரர்.

மதிய இடைவேளையில் மாடியில் ஷாலிகாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் சும்மா இருக்க மாட்டாள். "சவுண்ட் சார் பழம் குடுக்கறது உங்களுக்கு மட்டும்தான்க்கா, கவனிச்சீங்களா?" என்று ஆரம்பித்தாள். எனக்கும் வாய் சும்மா இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ரொபேர் உட்பட. "அவருக்கு நான் யாருன்னு தெரியாது. தெரியாமயே இருக்கட்டும். ஷூட்டிங் முடியறவரைக்கும் பாக்கறேன். தெரிஞ்சப்புறம் எல்லா ஆம்பளையும் நல்லவனாயிடறான்" என்றேன். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். "அப்போ புடிச்சிருக்குன்னு ஒத்துக்கறீங்க." "ஒண்ணும் ஒத்துக்கல. நல்ல மனுஷன், குரல் நல்லா இருக்கு, அவ்ளோதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போதுதான் பார்த்தேன், மைக் தலைப்பிலேயே இருக்கிறது. இடுப்பில் அதன் பெட்டியும். பெட்டியின் குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்படியா மறப்பேன்! நாளைக்கு முதல் வேலையாகக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 4

மைக்கைக் கொடுத்தேன். "ஸாரி சார், பேட்டரி தீர்ந்திருக்கும்" என்றேன். "பரவால்ல டீச்சர்" என்று வாங்கிக்கொண்டார். காதெல்லாம் சிவந்திருந்தது. நாள் முழுக்க ஹெட்ஃபோன் போட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

பழம் இல்லை.

ஜூலை 6

மூன்று நாளாக மனிதர் சரியாகவே இல்லை. முன்பெல்லாம் எது வீடு, எங்கே படித்தீர்கள் என்று ஒன்றிரண்டு கேட்பார். இப்போது என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப்பட்டிருப்பேன், கேட்காததும் சந்தேகமாக இருக்கிறது. நான் பக்கத்தில் போனால் ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிடுகிறார். சுற்றிய ஒயரையே அவிழ்த்துத் திரும்பச் சுற்றுகிறார்.

எனக்கென்ன. இன்று மூன்று தடவை அலமாரியை அடுக்கினேன். இருந்தும் ஒன்றும் அடுக்கியதாகத் தெரியவில்லை.

ஜூலை 8

மூன்றாம் கதையில் சண்டை.

கதை இதுதான். பணக்காரி ஒருத்தி, தன்னைக் காதலிப்பவன் சொத்துக்காக வருகிறானோ என்று பயந்து ஏழைபோல நடிக்கிறாள். அவன் போகவில்லை. அதுவும் போதாமல் நோயாளிபோல நடிக்கிறாள். அப்போதும் போகவில்லை. கடைசியாக இன்னொருவனை நேசிப்பதாக நடிக்கிறாள். அவன் அவளை வாழ்த்திவிட்டு ஊரை விட்டே போய்விடுகிறான். அவன் இருந்த காலி அறைக்கு அவள் போய் நிற்பதோடு கதை முடிகிறது.

மதிவதனி கடைசியில் அவனைத் திரும்பி வரவைக்கலாமா என்று கேட்டார். "கூடவே கூடாது" என்றேன். "சோதிச்சது தப்புன்னு ஆயிடும். அவ சோதிச்சதுல என்ன தப்பு? நெஜமான ஆளா இருந்தா கடைசிச் சோதனையிலயும் நின்னிருக்கணும்!" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூலையில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த தணிகா சார், யாரும் கேட்காமலே, "எத்தனை சோதனைன்னு அவனுக்கும் ஒரு கணக்கு சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றார். சவுண்ட்காரருக்குக் கதையில் என்ன வேலை? சொல்லவும் செய்தேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் என் பையில் ஒரு வாழைப்பழம் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. நசுங்குவதற்குள் சாப்பிட்டுவிட்டேன்.

ஜூலை 10

பப்பாவின் சட்டைக்குக் கஞ்சி போட்டேன். அதிகமாகிவிட்டது. சட்டை தனியாகவே நிற்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஷூட்டிங் விடுமுறை. சாயந்திரம் கடற்கரைச் சாலையில் காகித விளக்கு ஊர்வலம். வருஷா வருஷம் பழைய பட்டாளத்துக்காரர்கள் குடும்பத்தோடு போவோம். சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று பப்பாவிடம் தலைவலி என்றேன். "என் கால் வலியைவிடவா உன் தலைவலி பெருசு?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் விளக்கோடு நடந்தேன். பாண்டு வாத்தியம், பிரெஞ்சு தேசிய கீதம், எல்லாக் கிழவர்களும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்கள். பப்பா மெடல்கள் குலுங்கக் குலுங்கப் பாடுகிறார்.

காந்தி சிலைக்குக் கிட்டே, நீளக் கழியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தணிகா சார் நிற்கிறார். படத்துக்கு ஊர்வலத்தின் சத்தம் வேண்டுமாம். அவர் என்னைப் பார்த்தார், பப்பாவின் மெடல்களைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார், பதிவு ஓடுகிறது.

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பாட்டு முடிந்ததும் பப்பாவே அவரிடம் போனார். இந்த மனிதருக்குத் தெரியாதவர் என்று உலகத்தில் யாரும் இல்லை. "சினிமாவா? சவுண்டா? பாரிசுல இந்த வேலைக்கு ராஜ மரியாதை தம்பி. போயிருக்கீங்களா? எம் பொண்ணு லியோன்ல இருந்தா. நாங்க எல்லாரும் பிரெஞ்சு நேஷனாலிட்டி!" சொல்லாததே நல்லது என்றவர் மொத்தச் சீட்டையும் நடுரோட்டில் விரித்துவிட்டார்.

தணிகா சார், "எனக்கு மெட்ராசே தூரம் ஐயா. வாரம் ஒருதரம் ஓடிப்போயிடறேன் அரக்கோணத்துக்கு" என்றார்.

பப்பாவுக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. வழியெல்லாம், "பாவம், நல்ல பையன், முன்னேறத் தெரியல" என்றார்.

ஜூலை 14

காலையில் போர் நினைவிடத்தில் மாலை வைத்தார்கள். நான் மனசில்லாமல் நின்றேன். மத்தியானம் ஷூட்டிங்குக்குப் போனேன். இனி தணிகா சார் மாறுவார் என்று தெரியும். ரொபேரும் இப்படித்தான், தெரிந்த மறுநாள் மல்லிகைப்பூவோடு வந்து நின்றான்.

மாறவில்லை. நேற்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே. அதே "டீச்சர்", அதே ரஸ்தாளி.

ஜூலை 15

இன்றும் மாறவில்லை. மாறினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். மாறாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோற்றில் உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லாமல் இரண்டு தடவை போட்டுவிட்டேன். பப்பா தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

ஜூலை 16

கேட்டே விட்டேன். வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சார், ஞாயித்துக்கெழமை எங்கப்பா சொன்னதைக் கேட்டு உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லியா?"

கொஞ்ச நேரம் ஒயரைச் சுற்றினார். பிறகு கீழே வைத்தார். "எனக்கு மூணாம் தேதியே தெரியும் டீச்சர்."

"யார் சொன்னா? ஷாலிகாவா?"

"நீங்கதான். மாடியில. மைக்கைக் கழட்டாம போயிட்டீங்க."

நான் மாடியில் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பாஸ்போர்ட். ரொபேர். குரல் நல்லா இருக்கு.

"முழுக்கக் கேட்டீங்களா?"

"எங்க தொழில்ல தினமும் இப்படி யாராவது மறப்பாங்க. காதுல விழுந்ததை வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒரு வழக்கம். பேசறது சொந்த விஷயம்னு தெரிஞ்ச உடனே ஹெட்ஃபோனைக் கழட்டிடணும். அன்னிக்கு நான் கழட்டல. முழுக்கக் கேட்டேன். அது தப்புதான்."

ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. பரீட்சைத் தாளை முன்னாலேயே பார்த்துவிட்டு வந்து எழுதியவர் நீங்கள் என்றேன். ஒன்றும் கேட்காமல் இருந்ததும், அரக்கோணம்தான் பெரிது என்றதும், எல்லாமே மனப்பாடம் பண்ணிய பதில் என்றேன். இனி நீங்கள் எது செய்தாலும் எப்படி நம்புவது?

"அதைத்தான் நானும் ரெண்டு வாரமா யோசிக்கறேன்" என்றார். "கேட்டா பாஸ்போர்ட்டுக்குன்னு ஆயிடும். கேக்காட்டி நடிப்புன்னு ஆயிடும். எனக்கு வழி தெரியல. பத்தொம்பதோட ஷூட்டிங் முடியுது, நான் ஊருக்குப் போயிடறேன். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

வாழ்த்திவிட்டுப் போவதுதான் பாக்கி.

ஜூலை 17

மூன்றாம் கதையின் கடைசிக் காட்சி. என் பேச்சைக் கேட்டு மதிவதனி முடிவை மாற்றவே இல்லை. அவன் திரும்பி வரவில்லை. ஷாலிகா காலி அறைக்குள் போய் நடுவில் நிற்கிறாள். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. கட் சொன்னபிறகும் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

தணிகா சார் கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம். வெறும் அறையின் சத்தம். நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு ஓட்டுக்கடியில் புறா நகர்ந்தது, தூரத்தில் கடல், அவ்வளவுதான். லியோனிலிருந்து வந்த வருஷம் என் அறை இப்படித்தான் இருந்தது. ஆள் இருந்தும் இப்படித்தான் இருந்தது.

கையில் பழம் இல்லை. ஆனாலும் கால் ஆடவில்லை.

"ஓகே" என்று அவர் சொன்னதும், மதிவதனியிடம் போய், "அவனை வரவெச்சிருக்கலாம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "செட்டைக் கலைச்சப்புறம் சொல்றீங்களே டீச்சர்!" என்றார்.

ஜூலை 18

பழம் முதல் நாளே கொடுத்தார். மூன்றாம் தேதிக்கு வெகு முன்னால். அப்போது நான் வெறும் கால் ஆட்டுகிற டீச்சர்.

இதை நேற்று ராத்திரியிலிருந்து திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். சாட்சி என்றால் இதுதான் சாட்சி. ஆனால் ஒருவன் ஒரு பழம் கொடுத்ததற்கு எத்தனையோ காரணம் இருக்கும் என்று உடனே இன்னொரு மனம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த மனத்துக்கு எவ்வளவு சாட்சி கொடுத்தாலும் போதாது. பணக்காரிக்கும் போதவில்லையே. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதற்குச் சாட்சி வேண்டாம், நான் இருக்கிறேன்.

துணி ஊறவைத்தபடியே கிடக்கிறது.

ஜூலை 19, சனி

கடைசி நாள். கிழவி திட்டும் நாலு வரியில் ஒரு வரி சரியாக வரவில்லையாம். திரும்ப எடுக்க வேண்டும். தணிகா சார் மைக்கை என்னிடம் கொடுத்து, "நீங்களே குத்திக்கோங்க" என்றார். குத்திக்கொண்டேன். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவர் வெளியே வராந்தாவில் தன் சவுண்ட் சாமான் தள்ளுவண்டிக்கு முன்னால் ஹெட்ஃபோனோடு. ஜன்னல் இடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. மதிவதனி ஹெட்ஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வடைக்கு வரிசையில்.

"டீச்சர், மைக் செக். எதாவது பேசுங்க" என்று தணிகா சார் குரல் வந்தது.

மைக்கைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை தெரிந்தேதான்.

மெதுவாகச் சொன்னேன். "எனக்குப் பாரிசும் வேணாம் லியோனும் வேணாம். யாரையும் எங்கயும் கூட்டிக்கிட்டுப் போறதா இல்ல. அரக்கோணம்னா நான் வரேன்."

முதுகு அசையவில்லை. ஒயரும் சுற்றவில்லை. தூரத்தில் காக்கை ஒன்று கத்தியது. இவர் ஹெட்ஃபோனைக் கழற்றியிருப்பாரோ, வழக்கப்படி நடக்க இன்றைக்குத்தானா நேரம் பார்த்தார் என்று ஜன்னல் இடுக்கில் முகத்தை அழுத்திப் பார்த்தேன்.

பிறகு குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்பாக. "டீச்சர், சரியா கேக்கல. ஒன் மோர்."

பொய். குண்டூசி விழுந்தால் எந்த ஊர்க் குண்டூசி என்று சொல்கிற காது அது. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கே வந்து, வடைக்காரர்கள், இட்லிக்காரர், ஷாலிகா எல்லோரும் இருக்க, "அரக்கோணம் வரேன்னு சொன்னேன்! கேட்டுச்சா?" என்று கத்தினேன். மைக் தேவையே படவில்லை.

அவர் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து பிய்த்தார், வலித்திருக்கும். "ஓகே" என்றார். "ஓகே டீச்சர். இது ஓகே."

மதிவதனி கையில் இட்லியோடு, "இது எந்தக் கதையில வருது?" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

துணி எல்லாம் துவைத்தாயிற்று. பப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மெடல் பெட்டியைத் திறந்து மூடினார். "அரக்கோணத்துல பிரெஞ்சு யாரு படிப்பா?" என்று கேட்டார்.

தெரியாது. ரயில் போகும்போது நிறுத்திவிட்டு, போனபிறகு சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான்.